வாசலில் நிற்கும் வண்டியில் பேட்டரி, ஸ்டெப்னி திருட்டு: கேமரா மாட்டினால் நிற்குமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் புது லேஅவுட். வீட்டில் இரண்டு வண்டி: தெருவில் நிற்கிற ஸ்விஃப்ட், கேட்டுக்குள் நிற்கிற ஈகோ. இரண்டு வாரத்துக்கு முன் ஸ்விஃப்ட்டின் பேட்டரி போனது. போன ஞாயிறு இரவு எதிர்வீட்டு இன்னோவாவின் ஸ்டெப்னி போனது. "நல்ல கேமரா எது? ஐந்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஸ்டேஷனுக்கு அலைவது வீண்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பது கேமராவைப் பற்றி. மனதில் இருப்பது வேறு: அவன் மறுபடி வருவானா, வந்தால் வெறுங்கையோடு அனுப்புவது எப்படி? அதற்குத்தான் பதில் சொல்கிறேன். கேமரா அந்த வரிசையில் நான்காவதோ ஐந்தாவதோதான்.

வருவானா என்றால், வர வாய்ப்பு அதிகம். ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில் அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடும் என்பது குற்றவியலில் பல நாடுகளில் உறுதியான விஷயம். காரணம் எளிது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த விளக்கு எரியாது, எந்த வீட்டு நாய் குரைக்காது என்று அவனுக்கு இப்போது தெரியும். போதாததற்கு, போன பேட்டரியின் இடத்தில் நீங்கள் புதுப் பேட்டரி வைத்திருக்கிறீர்கள். அதனால் முதல் இரண்டு மாதம்தான் கவனம் தேவைப்படும் காலம்.

உதிரிபாகத் திருடன் வண்டித் திருடன் மாதிரி இல்லை. வண்டியைக் கொண்டுபோகிறவனுக்குச் சாவி, நம்பர் பிளேட், ஆர்.சி. என்று தலைவலிகள் உண்டு. பேட்டரி எடுப்பவனுக்கு வேண்டியது இரண்டே: சில நிமிடம், வாங்க ஒரு காயலான் கடை. கிருஷ்ணகிரியின் இருப்பிடம் அவனுக்கு வசதி. ஒரு பக்கம் ஓசூர் வழியாகப் பெங்களூரு, இன்னொரு பக்கம் குப்பம், கீழே தருமபுரி, சேலம். விடிவதற்குள் பொருள் மாநிலம் தாண்டிவிடும். ஆகவே எந்தத் தடுப்பையும் இரண்டு அளவுகோலில் எடை போடுங்கள். அவனுக்கு அது எத்தனை நிமிடம் கூட்டுகிறது? எடுத்த பொருளை விற்கக் கஷ்டமாக்குகிறதா? இரண்டுக்கும் பதில் இல்லாத பொருளைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்க வேண்டாம்.

செலவே இல்லாத வேலை நிறுத்தும் முறை. எல்லா வண்டிக்கும் ஒரே விதி இல்லை. எந்தப் பொருள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுக்க வேண்டும். ஸ்விஃப்ட்டில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்கிறது, பேட்டரி பானெட்டுக்குள். எனவே மூக்கு சுவரைப் பார்க்க, அரை அடி முக்கால் அடி மட்டும் விட்டு நிறுத்துங்கள். பானெட் பின்பக்கக் கீலில் தூக்குவது என்பதால் திறக்க முடியாமல் போகாது. ஆனால் முன்னால் ஆள் நிற்க இடமில்லாமல் பக்கவாட்டில் வளைந்துதான் வேலை பார்க்க வேண்டும். இன்னோவா, எர்டிகா போன்றவற்றில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில் தொங்குகிறது. அவை ரிவர்ஸில் வந்து பின்பக்கம் சுவரை ஒட்ட நிற்க வேண்டும். பொலீரோவில் அது பின்கதவின் மேலேயே இருப்பதால் அதற்கும் அதே. ஸ்விஃப்ட்டையும் உள்ளே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் எது உள்ளே என்பதற்குப் பதில் ஈகோதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பேட்டரிக்கு வருவோம். பானெட்டின் லாட்ச் ஓடும்போது மூடி எழும்பாமல் இருக்கச் செய்தது. திருடனுக்கு எதிரான பூட்டு என்று அதை நம்பக் கூடாது. அதைத் தாண்டினால் இரண்டு டெர்மினல் நட்டு, கீழே ஒரு கிளாம்ப். சிறிய கார்களில் பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஆகவே அந்தக் கிளாம்பை மாற்றுவதுதான் நேரடி வழி. வெல்டிங் பட்டறையில் 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் இரும்புப் பட்டை ஒன்றை பேட்டரியின் மேல் குறுக்கே போகும்படி வளைத்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு முனை தட்டில் கொக்கியாக மாட்ட, மறுமுனைக்குச் சாதாரண அறுகோண நட்டுக்குப் பதில் தனிச் சாவி வேண்டிய நட்டு. இதில் மூன்று இடத்தில் தப்பு நடக்கும். பட்டை பாசிட்டிவ் டெர்மினலுக்குப் பக்கத்தில் போனால் ஷார்ட் ஆகி வண்டியே எரியலாம். பட்டை முழுவதற்கும் ரப்பர் டியூப் போர்த்தி, டெர்மினலிலிருந்து குறைந்தது இரண்டு விரற்கடை தள்ளிப் போக வேண்டும். பேட்டரியின் மூடியில் காற்றுத் துளை இருந்தால் அதை மறைக்கக் கூடாது. அதிகம் முறுக்கினால் பேட்டரிப் பெட்டி விரியும். அசையாமல் நிற்கும் அளவு போதும். எல்லாவற்றுக்கும் மேல், வெல்டிங் வேலை எதையும் வண்டியில் வைத்துச் செய்யவிடாதீர்கள். பட்டையைக் கழற்றிக் கொண்டுபோய் பட்டறையில் பற்றவைத்துத் திரும்ப மாட்டுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்து இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போனால் அதன் விலையில் பல பேட்டரி வாங்கலாம்.

லேஅவுட்டில் டாடா ஏஸ், டிராக்டர், லாரி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இது இன்னும் அவசரம். அந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரி வெளியே, சேசிஸ் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. லாரிப் பேட்டரியில் ஈயமும் அதிகம், அதனால் பழைய இரும்புக்கடை விலையும் அதிகம். எல் ஆங்கிளில் கூண்டு செய்து 3 மி.மீ. தகடு மூடி போடுங்கள். பக்கத்தில் காற்றோட்டத் துளைகள் கட்டாயம். சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் வாயு மூடிய பெட்டியில் தேங்கினால் ஒரு பொறி போதும். பூட்டு வெளியே தொங்கினால் கட்டர் வைத்து வளையத்தை நறுக்கிவிடுவான். பூட்டைச் சுற்றி நான்கு பக்கமும் தகட்டில் கிண்ணம் மாதிரி வைத்து, கீழிருந்து சாவி மட்டும் போகும்படி செய்யச் சொல்லுங்கள். நம் பக்கத்துச் செம்மண் சேறு பூட்டுக்குள் இறங்கி ஆறு மாதத்தில் இறுகிவிடும் என்பதால் மாதம் ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டும்.

அடியில் தொங்கும் ஸ்டெப்னி, ஜாக்கிக் கம்பியைத் துளையில் விட்டுச் சுற்றினால் சங்கிலியில் இறங்கும் அமைப்பு. எதிர்வீட்டுக்காரருக்கு இரண்டு வழி சொல்லுங்கள். ஒன்று, அந்தத் துளையையே பூட்டும் மூடி. மாடலுக்கு மாடல் வேறு என்பதால் அளவு பார்த்து வாங்க வேண்டும். இரண்டு, 8 மி.மீ. பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கயிறை ரிம்மின் துளை வழியாக விட்டு சேசிஸ் குறுக்குக் கட்டையைச் சுற்றிப் பூட்டுவது. கயிறு சைலன்சரையோ பிரேக் குழாயையோ ஹேண்ட்பிரேக் கேபிளையோ தொடக் கூடாது. பூட்டிய பிறகு ஒருமுறை குடும்பத்தோடு கழற்றிப் பழகிக்கொள்வது நல்லது; தொப்பூர் கணவாயில் ராத்திரி பஞ்சரானபோது உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்லை இது.

அலாய் வீல் வைத்திருந்தால் வீலுக்கு ஒரு லாக் நட்டு (தனிச் சாவி வேண்டிய நட்டு), ஆக நான்கு. இங்கே கடையில் கேட்காமல் வாங்கினால் தப்பாகும் இடம் மரை. மாருதி வண்டிகளின் ஸ்டட் (நட்டு ஏறும் கம்பி) 12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டாவில் அதே 12 மி.மீ., ஆனால் மரை 1.5. மாற்றி மாட்டினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும்; "டைட்டா இருக்கு" என்று நம்பி மிஷினில் ஏற்றினால் ஸ்டட்டின் மரை போய்விடும். அடுத்தது நட்டின் அடிப்பகுதி வடிவம். கூம்பா, உருண்டையா, வாஷரோடு தட்டையா என்பது ரிம்மின் குழியோடு பொருந்த வேண்டும். பொருந்தாத நட்டு ஓட்டத்தில் தளரும். அப்போது வீலைத் திருடன் கழற்ற வேண்டியதே இல்லை. லாக் நட்டைக் கையால்தான் ஏற்ற வேண்டும், காற்று கன்னால் அல்ல. சாவியை ஜாக்கியோடு வைக்காமல் வண்டிக்குள் வேறு இடத்தில் வையுங்கள். அதோடு வரும் எண் அட்டையைப் படம் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஈகோ. அதன் சைலன்சருக்குள் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் அந்த வண்டியின் ஆபத்து. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. மிகக் குறைந்த அளவுதான் என்றாலும் அந்த உலோகங்களின் விலைக்காகவே கூட்டாக ஈகோ சைலன்சர் திருடிய வழக்குகள் குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் நிறைய பதிவாகியிருக்கின்றன. வண்டி உயரம், படுத்துக்கொண்டு கை எட்டும் இடம், அதுதான் காரணம். புது மாடல் கார்கள் பலவற்றில் கன்வெர்ட்டர் இன்ஜினை ஒட்டியே இருப்பதால் கழற்றுவது பெரிய வேலை. ஸ்விஃப்ட்டைப் பற்றி இந்த விஷயத்தில் அதிகம் பயப்பட வேண்டாம். ஈகோவை உள்ளே விடச் சொன்னது இதனால்தான். வண்டியின் ஒரு பக்கம் சுவரை நன்றாக ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமிருந்து ஆள் நுழைய முடியாது. சைலன்சர் எந்தப் பக்கம் என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுங்கள்.

கன்வெர்ட்டருக்குக் கவசத் தகடு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் கவனம் வேண்டும். ஓட்டத்தில் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூடாகும். தகடு அதைத் தொடாமல், காற்று போக இடைவெளியோடு, வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் நிற்க வேண்டும். இடைவெளியில் காய்ந்த புல்லோ சருகோ சிக்கினால் தீப்பிடிக்கும். மாந்தோப்புக்குள் போய்வருகிற வண்டிக்கு இது வெறும் பேச்சு இல்லை. தகட்டுக்கு முன்பே செய்யக்கூடிய மலிவான காரியம் அடையாளம்: வண்டி எண்ணைச் சைலன்சர் உறையில் இரண்டு இடத்தில் ஆழமாகக் கீறி, சூடு தாங்கும் பெயிண்டைப் பளிச்சென்று அடித்துவிடுங்கள். வாங்குகிறவன் யோசிப்பான். உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு உறையைத் தூக்கி எறிகிறவனிடம் இது செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வெளிச்சம். விடிய விடிய எரிகிற விளக்கைவிட, ஆள் வந்ததும் சட்டென்று எரிகிற விளக்கு நல்லது என்பது என் கணிப்பு. எதிர்க்கருத்தும் உண்டு, இரண்டுக்கும் ஆதரவாக ஆய்வுகள் இருக்கின்றன. சென்சார் விளக்கு வாங்கினால் பத்து முதல் இருபது வாட்ஸ் எல்.இ.டி. போதும். ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். இந்த வகைச் சென்சார் தன்னை நோக்கி நேராக வருபவனைத் தாமதமாகத்தான் உணரும். குறுக்கே நடப்பவனை உடனே பிடிக்கும். அதனால் கேட்டைப் பார்த்து நேராக வைக்காமல், கேட்டிலிருந்து வண்டிக்குப் போகிறவன் குறுக்கே கடக்கும்படி பக்கச் சுவரில் வைக்க வேண்டும். முருங்கைக் கிளை அதன் பார்வையில் ஆடினால் இரவெல்லாம் எரிந்து அணையும். நான்காம் நாள் நீங்களே ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுவீர்கள். சோலார் விளக்கில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும், மழைக்காலத்தில் நள்ளிரவுக்குள் அணையும்; திருடன் வரும் நேரமோ அதற்குப் பிறகு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்து எண்ணைக் குறித்து நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்தில் கொடுங்கள். புது லேஅவுட்கள் பல ஊராட்சி எல்லையில் இருக்கும். எது என்று தெரியாமல் கொடுத்த மனு இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் கிடக்கும்.

சத்தம் என்றால் நம் ஊரில் கையெட்டும் பொருள் ஜல்லி. வண்டியைச் சுற்றிக் காலடி படும் இடத்தில் முக்கால் இன்ச் ஜல்லியை இரண்டு அங்குலத்துக்குக் கொட்டினால் பூனை நடைகூடக் கேட்கும். பத்தடிக்குப் பதினைந்தடி இடத்துக்கு இருபத்தைந்து கன அடி, அதாவது கால் யூனிட். கிரஷர் தூசி கலந்ததைக் கொட்டாதீர்கள். மழையில் இறுகித் தளம் மாதிரி ஆகிவிடும், சத்தம் வராது. கேட்டின் கீலுக்கு எண்ணெய் போடாதீர்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் கிறீச்சிடுகிற கேட் இலவச அலாரம். அதே சமயம் கீலில் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு கீலும் மேல்நோக்கிய ஊசியாக இருந்தால் பூட்டைத் தொடாமலே கேட்டைத் தூக்கி எடுத்துவிடலாம். மேல் கீலின் ஊசிக்கு மேலே ஒரு வாஷர் வைத்துப் பற்றவையுங்கள், அல்லது மேல் கீலை மட்டும் தலைகீழாக மாற்றுங்கள்.

இனி கேமரா. திருட்டைத் தடுக்கும் என்று வாங்காதீர்கள். மங்கி கேப் போட்டவன் கேமராவைப் பார்த்துக்கொண்டே பேட்டரி தூக்கிய காட்சிகளுக்குக் குறைவில்லை. பிறகு ஆளை அடையாளம் காண உதவும், அதுவும் சரியாக வைத்தால். கடைக்காரர் மாட்டித் தருவது பெரும்பாலும் 2.8 மி.மீ. லென்ஸ். அகலமாகக் காட்டும், ஆனால் இரண்டு மெகாபிக்சலில் முகம் அடையாளம் தெரிவது சுமார் பத்தடிக்குள்தான். 6 மி.மீ. லென்ஸில் அது இருபத்தைந்து அடி வரை போகும், பார்வை குறுகும். ஆகவே நான்கு கேமராவும் ஒரே மாதிரி வேண்டாம். ஒன்று முற்றத்தை அகலமாகப் பார்க்கட்டும். ஒன்று 6 மி.மீ. லென்ஸோடு கேட்டையும் தெருவையும் மட்டும் பார்க்கட்டும். உயரம் எட்டு ஒன்பது அடி. மாடிக் கைப்பிடியில் வைத்தால் தொப்பியின் உச்சிதான் பதிவாகும். வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகும். சிலந்தி வலை இன்னொரு தொல்லை. வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜி.பி. நான்கு கேமராவுக்கு 86 ஜி.பி.; ஒரு டி.பி. டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்க ஆரம்பிக்கும். உங்கள் பேட்டரி போய் இரண்டு வாரம் என்றீர்கள். தெருமுனைக் கடையில் கேமரா இருந்தாலும் அந்தக் காட்சி இப்போது அழிந்திருக்கக்கூடும். ஸ்டெப்னி போன ஞாயிற்றுக்கிழமைக் காட்சி இருக்கும், இன்றே போய்க் கேளுங்கள். டி.வி.ஆர். (கேமரா காட்சியைப் பதியும் பெட்டி) கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை செல்போனோடு ஒப்பிடுங்கள். நாற்பது நிமிடம் பிந்திய கடிகாரத்தோடு கொடுத்த பதிவை வைத்து சுங்கச்சாவடிக் காட்சியில் எந்த வண்டியையும் தேட முடியாது. டி.வி.ஆருக்கும் ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுக்கவில்லை என்றால் கரண்ட் போகும் நேரம் உங்களுக்குக் குருட்டு நேரம்.

போலிக் கேமரா, "இங்கே கண்காணிப்பு உண்டு" பலகை, வண்டி உறை, நாய் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. பலகை புதியவனை யோசிக்க வைக்கலாம். தெருவை நோட்டம் பார்த்தவனிடம் செல்லாது. உறை ஒரு நிமிடம் தாமதப்படுத்தும், ஆனால் உள்ளே நடப்பதை மறைத்தும் கொடுக்கும். நாய் நல்லதுதான், தெரிந்த ஆளுக்கு அது வாலாட்டும் என்பதை மறக்காமல் இருந்தால். அதிர்வு அலாரத்தை அதிகக் கூர்மையில் வைத்தால் லாரி போனாலே கத்தும், பிறகு உண்மையில் கத்தும்போது யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பாதிக்குக் கீழே வைத்துச் சோதியுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: கேட்டிலோ வண்டியிலோ வீட்டுக் கரண்ட் விடுவது. யாரோ ஒருவர் இந்த யோசனையைச் சொல்லத்தான் செய்வார். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் தோட்டத்துக் கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டது நம் மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். யானைக்கே அந்தக் கதி என்றால் பந்து பொறுக்க வரும் குழந்தைக்கு என்ன ஆகும்? ஆள் இறந்தால் திருட்டு வழக்கு பின்னால் போய், உங்கள் மேல் மரணம் விளைவித்த வழக்கு முன்னால் வரும். புதிதாகத் தெருவில் நடக்கிற கட்டட வேலையாளைச் சந்தேகத்தில் பிடித்துக் கட்டி வைத்து அடிப்பதும் அதே ரகம். படம் எடுத்து 112-க்கோ 100-க்கோ அழையுங்கள், போதும்.

திருட்டு நடந்த காலையில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இது முக்கியம். வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் எல்லா வீல் நட்டையும் வீல் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். நடுவில் யாரோ வந்ததால் ஓடியவன், கழற்றாமல் விட்ட வீலில் நட்டைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போயிருப்பான். அது தெரியாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் ஸ்டெப்னி நஷ்டம் ஒரு நஷ்டமே இல்லை. அடியில் டார்ச் அடித்து பிரேக் குழாய், ஒயர் எதுவும் அறுந்து தொங்குகிறதா என்று பாருங்கள். சைலன்சர் போயிருந்தால் ஓட்டவே கூடாது. சூடான புகை தளத்துக்கு அடியிலேயே வரும், கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். வீல் போய்ச் செங்கல்லில் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். பேட்டரி மூடி, பானெட்டின் உட்புறம் போன்ற இடங்களைத் துடைக்காமல் விட்டால் விரல்ரேகை கிடைக்க வாய்ப்புண்டு. விட்டுப்போன ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

புகார் வீணா? வீண் இல்லை, ஆனால் எழுதும் விதத்தில் விஷயம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கீழான பொருளை முதல்முறை திருடியவன் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை என்றும் அதில் இருக்கிறது. அந்த மதிப்புக்குக் கீழ் இருந்தால் போலீஸ் தானாக வழக்குப் பதியும் வகையிலும் அது வராது. "இதுக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சி.எஸ்.ஆர். வாங்கிக்கோங்க" (சி.எஸ்.ஆர். என்பது புகார் பெற்றதற்கான ரசீது) என்று சொல்வதன் காரணம் இதுதான், சோம்பல் மட்டும் இல்லை. அதனால் மதிப்பைக் காட்ட பேட்டரி பில்லை இணையுங்கள். கேட்டுக்குள் நுழைந்திருந்தால், சுவர் ஏறியோ கேட்டைத் திறந்தோ வந்தான் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அத்துமீறி நுழைதல் தனிக் குற்றம், அதற்குப் போலீஸ் நேராகவே வழக்குப் பதியலாம். ஒரு புகாரில் அப்படி ஒரு குற்றம் இருந்தாலே மற்றதும் சேர்ந்து அந்த வகையாகிவிடும். எதிர்வீட்டுக்காரரும் தனியாகக் கொடுக்கட்டும். ஒரே தெருவில் இரண்டு புகார் பதிவில் இருந்தால் இரவு ரோந்தை அந்தப் பக்கம் திருப்பச் சொல்ல உங்களுக்குப் பிடி கிடைக்கும். லேஅவுட் நுழைவில் பட்டா புத்தகம் (ரோந்து வரும் போலீஸ் கையெழுத்துப் போடும் நோட்டு) வைக்கவும் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப சட்டத்திலேயே வழி இருக்கிறது. கேமரா பதிவை பென் டிரைவில் கொடுத்தால், மூலம் டி.வி.ஆரிலேயே அழியாமல் இருக்கட்டும். நீதிமன்றத்துக்குப் போகும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

இன்சூரன்ஸ் பக்கம் கணக்கு போட்டுவிட்டுப் போங்கள். தர்ட் பார்ட்டி மட்டும் என்றால் எதுவும் கிடையாது. முழுப் பாலிசியில் பேட்டரி, டயருக்குத் தேய்மானம் 50 சதவீதம். ஐந்தாயிரம் ரூபாய் பேட்டரிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, அதில் 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் ஆயிரம். கைக்கு வருவது ஆயிரத்து ஐந்நூறு. அதற்காக 50 சதவீத நோ கிளெய்ம் போனஸைப் பூஜ்யமாக்கிக்கொள்வது வேண்டாத வேலை. சைலன்சர் கதை வேறு. அது உலோகம், ஐந்து முதல் பத்து வயது வண்டிக்கு 40 சதவீதம்தான் கழியும். முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பதினெட்டாயிரம், ஆயிரம் கழித்து பதினேழாயிரம். இதற்குக் கிளெய்ம் போடலாம். ஈகோ சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் பாலிசியின் விதிகள் மாறும், பிடித்தம் எவ்வளவு என்று அதில் பாருங்கள். வெளியே வாங்கி மாட்டிய அலாய், ஸ்டீரியோவைப் பாலிசியில் தனியாகக் காட்டியிருந்தால்தான் பணம்.

புதுப் பேட்டரியில் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியின் பக்கவாட்டில், வெண்ட் மூடிகளுக்குத் தள்ளி, வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கூரிய ஊசியால் கீறுங்கள். ஆழம் வேண்டாம், ஒளியில் படித்தால் போதும். பற்றவைக்கும் சூட்டுக்கோலால் செய்யாதீர்கள், வாயு இருக்கும். பேட்டரியின் வரிசை எண்ணும் வாரண்டி அட்டையும் ஸ்டெப்னி டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்ணும் செல்போனில் படமாக இருக்கட்டும். காயலான் கடையில் போலீஸ் பத்துப் பேட்டரியைக் கைப்பற்றினால், இது என்னுடையது என்று சொல்ல அந்த நான்கு இலக்கம்தான் ஆதாரம். கைப்பற்றிய பொருள் நீதிமன்றச் சொத்தாகப் போகும். திரும்பப் பெற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும், பில்லும் எஃப்.ஐ.ஆர். நகலும் அதோடு வைக்க வேண்டும். "உங்க பேட்டரி எங்கிட்ட இருக்கு, ரெண்டாயிரம் குடுத்தா தர்றேன்" என்று இடைத்தரகர் யாராவது வந்தால் வாங்காதீர்கள்; திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது 317-ஆம் பிரிவில் குற்றம். அந்த போன் எண்ணை ஸ்டேஷனில் கொடுங்கள்.